கான்டாக்டர் இயங்கும்போது ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் மாணவன் நான். கல்லூரி திறப்பதற்குள், எங்கள் தென்னந்தோப்பின் சொட்டுநீர் மோட்டார், ஈஎஸ்பி32 என்னும் வைஃபை வசதியுள்ள சிறு கட்டுப்பாட்டு போர்டின் உதவியால், மண்ணின் ஈரத்தைப் பொறுத்துத் தானாகவே ஓடவும் நிற்கவும் செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் அப்பா டார்ச் விளக்குடன் தோப்புக்கு நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதலில் வாங்கிய, இரண்டு உலோகக் கால்கள் கொண்ட ஈரப்பத சென்சார் மின்னாற்பகுப்பால் சில நாட்களிலேயே அரித்துப்போனதால், உலோகம் மண்ணில் நேரடியாகப் படாத கெபாசிட்டிவ் வகைக்கு மாறினேன். சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி பகுதிகள் போர்டில் இரண்டு உண்டு; வைஃபை இயங்கும்போது அவற்றில் ஏடிசி2 பின்களில் அளவீடு எடுக்க முடியாது என்பதை அறியாமல் ஒரு வாரம் வீணானது. ஏடிசி1ஐச் சேர்ந்த 34ஆம் பின்னுக்கு மாற்றியதும் அது சரியாயிற்று.

இப்போது ரிலே (போர்டு இயக்கும் சிறு சுவிட்ச்) வழியாக மோட்டார் ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) காயில் இயங்கும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆகிறது. காயில் இணைப்பு இல்லாமல் ரிலேயை மட்டும் இயக்கினால் இது நேர்வதில்லை என்பதால், காயிலிலிருந்து எழும் மின்னழுத்தத் துள்ளலே காரணம் என்று கருதுகிறேன். காயில் 415 வோல்ட் ஏசி வகை. அந்தப் பக்கத்து வயரிங் முழுவதையும் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் செய்கிறார், நான் தொடுவதில்லை.

காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (துள்ளலை அடக்கும் மின்தடை, மின்தேக்கி இணைப்பு) போட்டால் போதுமா, அல்லது ரிலேக்குத் தனி பவர் சப்ளையும், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்துவைக்கும் ஆப்டோகப்ளரும் கட்டாயம் வேண்டுமா? ஸ்னப்பர் போதும் என்றால், இந்த மின்னழுத்தத்துக்கு எந்த மதிப்புள்ள மின்தேக்கியும் மின்தடையும் பாதுகாப்பானவை? இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.