ஓவர்டிரைவ் 83 மாட்டினால் 33தான் காட்டுகிறது, உதவுங்கள்

கிராணி மகன், சுங்கை சிப்புட்:
வணக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது சம்பளக் கணக்குப் போட்ட 486 கம்ப்யூட்டர் இது. ஆபிசில் கழித்துப் போட்டதும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். போர்டில் இருந்த பீப்பாய் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. கழற்றிவிட்டு, வினிகரால் துடைத்து, ஆல்கஹால் போட்டுக் காயவைத்தேன். டிஎக்ஸ்2-66 சிப்போடு நன்றாகவே ஓடியது.

ஆசை யாரை விட்டது? 486 போர்டிலேயே மாட்டி வேகத்தை 83 மெகாஹெர்ட்ஸுக்குக் கூட்டும் பழைய பெண்டியம் ஓவர்டிரைவ் 83 சிப் ஒன்று வாங்கி மாட்டினேன். டாஸ் வருகிறது, ஆனால் வேகம் அளக்கும் ஸ்பீட்சிஸ் புரோகிராம் 33 மெகாஹெர்ட்ஸ் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பழைய இரும்பு:
முதலில் ஜம்பரைப் பாருங்கள் தம்பி, போர்டில் வேகத்தையும் வோல்ட்டையும் மாற்றும் சின்ன மூடிகள்தான். போர்டு 33 மெகாஹெர்ட்ஸுக்கு இருக்க வேண்டும், 2.5 மடங்கு பெருக்கல் சிப்புக்குள்ளேயே உண்டு, அதற்கு ஜம்பர் கிடையாது. மின்னழுத்தம் 5 வோல்ட். ரெகுலேட்டர் சிப்பின் மேலேயே இருக்கிறது. பின்னால் இதற்குப் பதில் ஏஎம்டி 5எக்ஸ்86 சிப் மாட்ட நினைத்தால் மட்டும் மறக்காமல் 3.45க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கருகிவிடும்.

கிராணி மகன்:
ஜம்பர் எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் அண்ணே. அதே 33.

தைப்பிங் அக்கா:
சிப்பின் மேல் உள்ள காற்றாடி சுற்றுகிறதா?

கிராணி மகன்:
ஜோராகச் சுற்றுகிறது அக்கா. பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வருகிறது.

தைப்பிங் அக்கா:
அங்கேதான் கோளாறு. ஓவர்டிரைவின் சொந்தக் காற்றாடிக்குத் தனி ஒயரே கிடையாது, சிப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும். அது நின்றால் சிப் தெரிந்துகொண்டு, வெந்துவிடாமல் இருக்கப் பெருக்கலை விட்டுவிட்டு போர்டு வேகத்துக்கு இறங்கிவிடும். உங்களுக்கு விற்றவர் வேறு காற்றாடி மாட்டியிருக்கிறார். அது எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சிப்புக்குத் தெரியாது. பழையதைக் கொடுத்தாரா?

கிராணி மகன்:
பிளாஸ்டிக் பையில் ஒன்று கிடந்தது! குப்பை என்று நினைத்தேன். விரலால் தள்ளினாலும் நகரவில்லை.

தைப்பிங் அக்கா:
நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து, காய்ந்த மசகைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தொடும் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். பால்மரம் வெட்டிய ஊரில் ரப்பருக்கா பஞ்சம்!

கிராணி மகன் (இரண்டு நாள் கழித்து):
83 காட்டுகிறது அக்கா! முதலில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படிக்கும்போது தொங்கியது. பயாஸ் செட்டிங்கில் கேஷ் நினைவகம் எழுதும் முறையை ரைட் பேக்கிலிருந்து ரைட் த்ரூவுக்கு மாற்றியதும் தொங்குவது நின்றுவிட்டது. காற்றாடி மட்டும் கொசு மாதிரி ரீங்காரம் போடுகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழைய சம்பளப் பட்டியலைத் திறக்கச் சொல்கிறார், பாஸ்வேர்டுதான் அவருக்கு ஞாபகம் வரவில்லை.