சீட் கவர் போட்டதுல இருந்து ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குது, என்ன பண்றது?

கோவை_வண்டி
வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது 2021 மாடல் ஹேட்ச்பேக், டாப் எண்ட், ஆறு ஏர்பேக். போன வாரம் வெளிக்கடையில லெதர் சீட் கவரும் ஃப்ளோர் மேட்டிங்கும் போட்டேன், சீட்டையெல்லாம் கழட்டிதான் மாட்டுனாங்க, வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கு வர்ற வழியிலயே மீட்டர்ல ஏர்பேக் லைட் வந்துருச்சு, இன்னும் அணையல. கடைக்காரர்கிட்ட கேட்டா ஓட்டுங்க சார் தானா போயிரும்ங்கிறாரு. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் கூட போடாம ஏர்பேக்கை கன்ட்ரோல் பண்ற மாட்யூல் மாத்தணும், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்னு சொல்றாங்க. என்கிட்ட இருக்கற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர்ல பார்த்தா எந்த எரர் கோடும் (கோளாறைச் சொல்ற நம்பர்) இல்லைனு காட்டுது. வண்டி என்னமோ நல்லாத்தான் ஓடுது. இப்படியே ஓட்டலாமா?

சும்மா_சுத்துறவன்
ப்ரோ டென்ஷன் ஆகாதீங்க, எங்க மாமா வண்டியில மீட்டர்ல ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி விட்டுட்டாரு, பிரச்சனையே இல்ல 😄

பட்டறை_அண்ணாச்சி
டேப் ஒட்டுறவங்ககிட்ட யோசனை கேக்காதீங்க தம்பி. அந்த லைட் எரியுதுன்னா சிஸ்டம்ல எங்கயோ கோளாறுன்னு அர்த்தம், பல வண்டியில அந்த நேரம் இடிச்சா பையும் விரியாது, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற ப்ரீடென்ஷனரும் வேலை செய்யாதுன்னு வச்சுக்கிட்டுதான் ஓட்டணும். சரி பண்ற வரைக்கும் லாங் ட்ரிப் வேணாம்.

உங்க கேஸ்ல மாட்யூல் மேல எனக்கு சந்தேகமே இல்ல. சீட்டுக்கு அடியில மஞ்ச கலர் கப்ளர், அதாவது வயரை இணைக்கிற சொருகி, ஒன்னு இருக்கும், சைட் ஏர்பேக் வயர் அதுலதான் வரும். மேட்டிங் போடுறவங்க அதை கழட்டிட்டு நடுவுல வண்டிய நகர்த்தவோ பாட்டு கேக்கவோ சாவிய ஆன் பண்ணியிருப்பாங்க, உடனே கோடு ஏறிரும். அப்புறம் ஒழுங்கா மாட்டுனாலும் நிறைய வண்டியில அந்த கோடை ஸ்கேனர் போட்டு அழிச்சாதான் லைட் போகும். உங்க ப்ளூடூத் ஸ்கேனர் பொதுவா இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும், ஏர்பேக் கோடு இங்கிலீஷ் B எழுத்துல ஆரம்பிக்கும், அதுக்கு ஏர்பேக் மாட்யூலோட பேசுற ஸ்கேனர் வேணும். வெளிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் பல பேர் வச்சிருக்காங்க.

நீங்களே கப்ளரை பாக்கணும்னா சாவிய ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா இருங்க. பேட்டரி இல்லைன்னாலும் பையை விரிக்கிற அளவுக்கு கரண்ட் மாட்யூல்குள்ள கொஞ்ச நேரம் நிக்கும். மல்டிமீட்டரை மட்டும் அந்த வயர்ல வச்சிராதீங்க, மீட்டர் விடுற கரண்ட்டே வெடிக்க வைக்கலாம். நெகட்டிவை திருப்பி மாட்டுறதுக்கு முன்னாடி எந்த கப்ளரும் கழண்டு கிடக்கக் கூடாது.

திருச்சி_ஜி
அண்ணாச்சி, என் பழைய வண்டியிலயும் இதே லைட், ஆனா சீட்ட யாரும் தொடல. கூடவே ஹாரனும் அடிக்கல, ஸ்டீயரிங்ல வால்யூம் பட்டனும் வேலை செய்யல.

பட்டறை_அண்ணாச்சி
அது அனேகமா க்ளாக் ஸ்ப்ரிங் ஜி, ஸ்பைரல் கேபிள்னும் சொல்வாங்க. ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப சுருண்டு விரியிற ரிப்பன் கேபிள், நாளாக நாளாக உள்ள அறுந்துரும். ஏர்பேக், ஹாரன், பட்டன் எல்லாத்துக்கும் அது வழியாதான் கரண்ட் போகுது. அதை வீட்ல கழட்டாதீங்க, மூஞ்சிக்கு நேரா பையை வச்சுக்கிட்டு செய்யிற வேலை. ரிப்பனை சரியா நடுவுல நிறுத்தி சென்டர் பண்ணாம மாட்டுனா புதுசும் ஒரே திருப்பல்ல அறுந்துரும்.

கோவை_வண்டி
அண்ணாச்சி சொன்ன மாதிரியே பேட்டரி கழட்டிட்டு பார்த்தேன். டிரைவர் சீட் கப்ளர் பாதிதான் உக்காந்திருக்கு, மேட்டிங்கோட ஓரம் மடிஞ்சு வயரை தூக்கி புடிச்சிருக்கு. மேட்ட கொஞ்சம் வெட்டிவிட்டு டக்குனு சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்தினேன். லைட் போகல, எலக்ட்ரீஷியன்கிட்ட போனா சைட் ஏர்பேக் ஓபன் சர்க்யூட்னு, அதாவது வயர் தொடர்பு விட்டுப் போச்சுன்னு கோடு, அழிச்சாரு, போயிருச்சு. நானூறு ரூவாதான். ரொம்ப நன்றி அண்ணாச்சி!

பட்டறை_அண்ணாச்சி
சந்தோசம். ஆனா தம்பி, லைட்ட விட பெரிய விஷயம் ஒன்னு இருக்கு. உங்க சைட் ஏர்பேக் சீட்டுல கதவு பக்கத்து ஓரத்துல இருந்துதான் கிழிச்சுக்கிட்டு வரும், அங்க ஏர்பேக்னு சின்ன டேக் தைச்சிருப்பாங்க. கெட்டி லெதர் கவர் அதை மூடியிருந்தா பை வெளிய வர லேட் ஆகும், இல்ல கோணலா வரும். பக்கவாட்டு இடியில கதவுக்கும் உங்களுக்கும் நடுவுல இடமே கிடையாது, அது கண் இமைக்கிற நேரத்துக்குள்ள விரிஞ்சாகணும். இதுக்கு எந்த லைட்டும் எரியாது. அந்த ஓரம் திறந்திருக்கா, இல்ல இடிச்சா பிரியிற மாதிரி தனி தையல் போட்ட கவரான்னு பாருங்க.

கோவை_வண்டி
இப்பதான் இறங்கிப் போய் பார்த்தேன். டேக்கே தெரியல, ஃபுல்லா மூடி தைச்சிருக்காங்க. நாளைக்கு காலையில கடைக்கு போய் முன் சீட்டு ரெண்டுலயும் கவரை கழட்ட சொல்றேன், காசு திருப்பி தருவாங்களான்னு தெரியல.

சும்மா_சுத்துறவன்
கழட்டும்போது சாவிய நீங்க பாக்கெட்ல வச்சுக்கோங்க ப்ரோ.