யூஎஸ்டிடி கையில் இருக்கிறது, நகர்த்த முடியவில்லை

கோவை டிசைனர்:
லோகோ, வெப்சைட் செய்து கொடுப்பவன் நான். அர்ஜென்டினா கிளையன்ட் ஒருவர் 150 யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ காயின்) அனுப்பினார், டிரான் என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில். அங்கே பலரும் பெசோவை நம்பாமல் சேமிப்பையே இப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. சரி, காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றி ரூபாயாக்கலாம் என்று போனால், காயினை வைத்திருக்கும் வாலட் ஆப் ‘டிஆர்எக்ஸ் போதவில்லை’ என்கிறது, அது டிரானின் சொந்தக் காயினாம். என் பணத்தை அனுப்ப நான் எதற்கு வேறொரு காயின் வாங்க வேண்டும்? இளநீர்க் கடையில் ஜிபே அடிக்கும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லையே.

பழைய வாலட்:
முதல் தடவை எல்லாரும் இங்கேதான் மாட்டுவோம். கட்டணம் அந்தச் செயினின் சொந்தக் காயினில்தான் போகும். டிரானில் கட்டணத்துக்கு ஈடாகப் பயன்படும் ‘எனர்ஜி’ கையிருப்பு இல்லையென்றால் டிஆர்எக்ஸ் செலவாகும், அதிலும் பெறுபவர் முகவரியில் யூஎஸ்டிடியே இல்லையென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போதைக்கு எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் டிஆர்எக்ஸ் வாங்கி வாலட்டுக்கு அனுப்புங்கள். முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி செய்யாதீர்கள், உண்மையான முகவரி போலவே முதல், கடைசி எழுத்துகள் இருக்கும் போலி முகவரியிலிருந்து மோசடிக்காரர்கள் சில்லறை அனுப்பி அந்தப் பட்டியலில் நுழைந்துவிடுகிறார்கள்.

அரைகுறை டெவலப்பர்:
இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. எத்தேரியம் என்ற இன்னொரு நெட்வொர்க்கில் 2023 மார்ச்சில் வந்த ஈஆர்சி-4337 என்ற வழிமுறை மூலம் கேஸ் கட்டணத்தை, அதாவது அனுப்பும் கட்டணத்தை, ஆப் நடத்துபவரே கட்டலாம், இல்லை யூஎஸ்டிசி என்ற இன்னொரு டாலர் காயினிலேயே பிடித்துக்கொள்ளலாம். 2025 மே மாத பெக்ட்ரா அப்டேட்டுக்குப் பிறகு பழைய முகவரியை மாற்றாமலே இதைச் செய்யலாம். ஆனால் எல்லா வாலட்டும் தருவதில்லை. எனக்கு அதைவிட வாலட்டை மீட்க எழுதி வைக்க வேண்டிய 12 வார்த்தை விவகாரம்தான் பயம், எங்கள் அம்மாவிடம் கொடுத்தால் தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதி மறுநாள் காலை கிழித்துவிடுவார்.

வரிக் கணக்கு:
கேஸ் எல்லாம் சின்ன விஷயம் தம்பி, அதை ரூபாயாக்கும் இடத்தில்தான் இருக்கிறது வேலை. 150 வந்த அன்றே அது உங்கள் தொழில் வருமானம். அப்புறம் விற்கும்போது லாபம் இருந்தால் 30% வரி (2022 ஏப்ரலில் இருந்து), நஷ்டம் வந்தால் அதை எதிலும் கழிக்க முடியாது. அதே வருடம் ஜூலையில், விற்கும் தொகையிலேயே பிடித்துக்கொள்ளும் 1% டிடிஎஸ் வேறு வந்தது. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? சேவை ஏற்றுமதி என்று காட்டப் பணம் அந்நியச் செலாவணியாக வந்திருக்க வேண்டும், டோக்கனைக் காட்டினால் சிக்கல். பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, முன்பின் தெரியாதவருக்கு மட்டும் விற்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி வந்தது ஏதோ மோசடிப் பணம், கணக்கை முடக்கிவிட்டார்கள், நான்கு மாதம் அலைந்தார்.

கோவை டிசைனர்:
டிஆர்எக்ஸ் போட்டேன், யூஎஸ்டிடி எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த டிஆர்எக்ஸை வாலட்டுக்கு எடுக்கவே எக்ஸ்சேஞ்ச் தனியாக ஒரு கட்டணம் பிடித்தது. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது மேடம், அதனால் அடுத்த இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணைத்தான் போடப் போகிறேன். கிளையன்ட் முனகுவார்.