குளத்தின் குணம் மண்ணாலா, நாம் விடும் தண்ணீராலா?

குளத்தங்கரையான், திருவாரூர்:
எங்கள் ஊர்க் குளம் மூன்றாவது ஆண்டாகப் பச்சைக் கூழாகக் கிடக்கிறது. குடத்தை அமிழ்த்தி எடுத்தால் கழுத்தைச் சுற்றிப் பாசி வளையமாக ஒட்டுகிறது. "தண்ணீரின் குணம் மண்ணின் குணம், வண்டல் பூமியில் இப்படித்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதினார். சாட்சிக்குக் கனடா ஏரிகளையும் அழைத்தார். அது சரிதானா?

வண்டல்:
எழுதியவன் நான்தான். கனடாவின் கருங்கல் பரப்பில் கிடக்கும் ஏரிகளில் நீர் ஏறக்குறைய மழைநீர் மாதிரி. கருங்கல் லேசில் கரையாது, அதனால் சுண்ணாம்புச் சத்து சொற்பம். சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு வந்தால் அதே மழை கடின நீராகிவிடுகிறது. கரிச்சேற்றுச் சதுப்பு நிலத்திலிருந்து வடிந்து வந்தால் தேநீர் நிறம். நம் பக்கமும் அப்படித்தானே? ஆற்று நீரில் பூப்போல வேகும் பருப்பு, எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீரில் கல்லாகவே கிடக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார், மன்னார்குடி:
பருப்பு வரைக்கும் சரி, தம்பி. பாசிக்கு அது பொருந்தாது. 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் 226ஆம் எண் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ், கழிவுநீரிலும் உரத்திலும் இருக்கும் சத்து. அந்தப் பக்கம்தான் பச்சையாகிப் போனது. இரண்டுக்கும் பாறை ஒன்று, மழையும் ஒன்று. இதில் மண் எங்கே வந்தது?

வண்டல்:
அது பட்டினி கிடந்த கருங்கல் ஏரி, ஐயா. பிடி சோறு போட்டாலும் விருந்துதான். நம் களிமண் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமில மழை கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஒன்டாரியோவின் சட்பரி ஊரில் நிக்கல் உருக்காலைப் புகையால் கருங்கல் ஏரிகள் பலவற்றில் மீன் அற்றுப்போனது. சுண்ணாம்பு நிலத்து ஏரிகள் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். தாங்குவது மண்தானே?

ஓய்வுபெற்ற வாத்தியார், மன்னார்குடி:
தாங்குவது மண், கொட்டியது உருக்காலை. களிமண் பிடித்து வைப்பதும் உண்மைதான். ஆனால் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் பிடித்ததை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். குளத்துக்காரர் சொல்லட்டும்: சேற்றைக் கிளறினால், ஆக்சிஜன் தீர்ந்ததற்கு அடையாளமாக, அழுகிய முட்டை வாடை வருகிறதா?

குளத்தங்கரையான், திருவாரூர்:
வருகிறது, ஐயா. சேறு மைபோல் கறுப்பு. முன்பெல்லாம் மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் பழையது வடிகாலில் போய்விடும். இப்போது வரத்து வாய்க்கால் தூர்ந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக் கழிவுநீர் மட்டும் தவறாமல் வருகிறது.

வண்டல்:
மண்டபத்தை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு நாளாகக் கருங்கல்லுக்கு வக்காலத்து வாங்கியிருக்க மாட்டேனே! பாஸ்பரஸ் வருவதே அந்தக் கழிவுநீரில்தான்; சேற்றை அள்ளும் முன் அது வரும் வழியை அடைத்துவிடுங்கள். பருப்பு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.