அழைப்பு ஏன் இரண்டோடு நிற்கிறது?

கயல்:
குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து குறிப்பு எழுதி வைக்கும் புதிய செயலி ஒன்றில் போன வாரம் கணக்குத் தொடங்கினேன். அம்மாவின் மாத்திரை, சர்க்கரை அளவு, டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் நிம்மதி. நாங்கள் பிள்ளைகள் நாலு பேர். உள்ளே இருப்பவர் அழைப்பு அனுப்பினால்தான் மற்றவர் சேர முடியும். எனக்குக் கிடைத்ததோ இரண்டே அழைப்பு. அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். துபாயில் இருக்கும் தம்பி, "என்னை மட்டும் ஏன்க்கா விட்டுட்டே?" என்கிறான். ஆள் சேர்ந்தால் அவர்களுக்கு லாபம்தானே, ஏன் கதவைச் சாத்தி வைக்கிறார்கள்?

பழைய சர்வர்காரன்:
முதல் காரணம், சர்வர் தாங்காது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்பி, யாகூ 4 எம்பி. ஜிமெயில் 1 ஜிபி தந்தது. ஆனால் அது ஓடியது கூகுளில் வேறு யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய 300 பழைய பென்டியம் 3 கணினிகளில். எல்லோரையும் ஒரே நாளில் விட்டிருந்தால் படுத்திருக்கும். அதனால் அழைப்பு இருந்தால்தான் கணக்கு. அந்த அழைப்புகளை இபே என்ற ஏலத் தளத்தில் காசுக்கு விற்றார்கள். எனக்கு ஒரு சீனியர் அனுப்பினார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கிய அந்தச் சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஆனது 2007 பிப்ரவரியில்தான்.

விதைப்பெட்டி:
என் அனுபவம் வேறு. மாடித்தோட்டக்காரர்கள் விதை மாற்றிக்கொள்ள ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். முதலில் எல்லோருக்கும் திறந்துதான் வைத்திருந்தேன். ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் 412 புதிய கணக்குகள். எல்லாப் பெயரும் வாயில் நுழையாத எழுத்துக் குவியல். கத்தரி விதை கேட்டு ஒரு பாட்டி போட்டிருந்த பதிவுக்குக் கீழே வரிசையாகக் கடன் விளம்பரம். அவர் அப்புறம் வரவே இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அன்றைக்கே அழைப்பு முறைக்கு மாறினேன். சேர்ந்து 30 நாள் கழித்து ஆளுக்கு 3 அழைப்பு. யார் யாரை அழைத்தார் என்பது கிளை கிளையாக ஒரு மரம் போலப் பதிவாகும். ஒரு போலிக் கணக்கைப் பிடித்தால், அழைத்தவரைப் பார்த்து, அவர் கூட்டிவந்த மற்றவர்களையும் பார்த்துக் கிளையோடு வெட்டிவிடலாம். லாப்ஸ்டர்ஸ் என்ற கணினிக்காரர்கள் தளத்தில் இந்த மரத்தை எல்லோரும் பார்க்கும்படியே வைத்திருக்கிறார்கள். தன் பெயர் கூடவே போகிறது என்றால் மனிதர் யோசித்துத்தான் அழைப்பார்.

ஆசையைக் கிளப்புவதற்காகவும் செய்கிறார்கள், அது உண்மைதான். குரலில் கூடிப் பேசும் கிளப்ஹவுஸ் செயலி 2021 ஜூலை வரை அழைப்பில்லாமல் யாரையும் சேர்க்கவில்லை.

ஆனால் கயல், உங்கள் விஷயத்தில் அந்தச் செயலிக்காரர்கள் செய்வது தப்பு. கூட்டாக வேலை செய்யும் கருவிக்கு இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது. 2009-இல் பலர் சேர்ந்து எழுதும் கூகுள் வேவ் என்ற கருவி அப்படித்தான் வந்தது. உள்ளே போனவருக்கு, கூட எழுத வேண்டியவர் வெளியே நின்றார். அடுத்த ஆண்டே நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். நாலு பிள்ளைகள், ஒரு அம்மா என்று சொல்லி அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். சரி, பிறருக்கு அனுப்ப உங்கள் தங்கைக்கும் அழைப்பு வந்திருக்குமே, கேட்டீர்களா?

கயல்:
கேட்டேன். சேர்ந்து ஏழு நாள் ஆனால்தான் வருமாம், அவளுக்கு வெள்ளிக்கிழமை வரும். நீங்கள் சொன்னபடி அவர்களுக்கும் எழுதிவிட்டேன். அதுவரை அம்மாவின் காலைச் சர்க்கரை அளவைத் தம்பிக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இன்று 142.