டயோடு போட்டால் ஒலியின் உயிர் போகுமா?

ஓம்விதி:
நேற்று இங்கே ஒருவர் தன் பழைய வால்வு (சூடேறி எரியும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் கேட்டிருந்தார். ரெக்டிஃபையர் வால்வு ஈஇசட்81 போய்விட்டது, ஊரில் கிடைக்கவில்லை, என்ன செய்யலாம் என்று. அதற்குச் சூடுகம்பி ஐயா கொடுத்த பதிலை அப்படியே தருகிறேன்: "டயோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஒலியின் உயிர் போய்விடும். நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்."

இதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பாட்டு அந்த வால்வு வழியாகப் போவதே இல்லை. ஏ.சி.யை டி.சி.யாக்கிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. சின்ன சிலிக்கான் துண்டான 4007 டயோடு இரண்டு அதைச் செய்யும், விலை ஒரு டீக்குக்கூட வராது. கேட்டவர் பாவம், இப்போது ஊர் ஊராக வால்வு தேடிக்கொண்டிருக்கிறார்.

சூடுகம்பி:
தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்பே நான் வால்வு செட் பார்த்தவன். 1968-ல் தஞ்சாவூரில் ஒரு ரேடியோ கடையில் சாலிடரிங் அயர்ன் பிடித்த கை இது. எத்தனை மர்பி, எத்தனை பிலிப்ஸ், எத்தனை புஷ். டயோடு போட்ட செட்டில் நாகஸ்வரம் கேட்டுப் பாருங்கள். தவில் அடி விழும்போது வால்வு லேசாக மூச்சு வாங்கும், அடுத்த அடிக்குள் சுதாரித்துக்கொள்ளும். டயோடு மூச்சு வாங்காது. அதுதான் வித்தியாசம். காது இருப்பவனுக்குத் தெரியும்.

ஓம்விதி:
எனக்கு 59 வயது. 1968-ல் எனக்கு நடக்கத் தெரியும். தம்பி வேண்டாம்.

மூச்சு விஷயத்துக்கு வருவோம். உங்கள் செட்டைப் பற்றி நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஈஎல்84 வெளியீட்டு வால்வு, சிங்கிள் எண்டட், ஏ கிளாஸ். அதாவது ஒரே வால்வு எப்போதும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும் முறை. அதில் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிளேட் (வால்வின் உள்தகடு) கரண்ட் சராசரியாக அதே 48 மில்லியாம்ப்தான். தவில் அடித்தாலும் அதே, தாலாட்டுப் பாடினாலும் அதே. கரண்ட் மாறாதபோது ரெக்டிஃபையர் எதற்காக மூச்சு வாங்கும்? இரண்டு வால்வு மாறிமாறி இழுக்கும் புஷ்-புல், ஏபி கிளாஸ் என்றால் பாட்டுக்கு ஏற்பக் கரண்ட் மாறும், உட்கார்ந்து பேசலாம்.

ஒரே கேள்வி. டயோடு போட்டதும் எச்.டி. (ரெக்டிஃபையர் வால்வுகளுக்குத் தரும் உயர் டி.சி. வோல்டேஜ்) எத்தனை வோல்ட் ஏறியது? மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

சூடுகம்பி:
நடக்கத் தெரிந்தால் போதுமா தம்பி, கேட்கத் தெரிய வேண்டாமா?

மீட்டர் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் நண்பர் ஒருவரின் செட்டை ஒரு கடையில் கொடுத்தார். அந்த மகானுபாவன் ஈஇசட்81-ஐப் பிடுங்கிவிட்டு, வால்வு பேஸுக்கு அடியிலேயே இரண்டு டயோடு வைத்துச் சாலிடர் செய்து கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் பாட்டு வருவதற்கு முன்பே, டி.சி.யைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் கண்டென்சரின் தலை உப்பிவிட்டது. மேல் மூடி குடைமிளகாய் மாதிரி. அதோடு அந்த செட்டில் இருந்த ஒலி போயே போயிற்று. உயிர் இல்லை.

ஓம்விதி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். இப்போது நீங்கள் சொன்னது என் கட்சி.

டிரான்ஸ்ஃபார்மர் 250-0-250, அதாவது நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 250 வோல்ட் ஏ.சி. என்று வையுங்கள். டயோடு சுவிட்ச் போட்ட நொடியே வேலையைத் தொடங்கிவிடும். ஈஎல்84 சூடேறிக் கரண்ட் இழுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை சுமை இல்லாததால் கண்டென்சர் உச்ச வோல்டேஜுக்கு ஏறிவிடும். 250-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 353. கண்டென்சர் மேல் தாங்கும் அளவாக எழுதியிருப்பது 350. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்டிலிருந்து 250-க்கு ஏறும் ஊர் என்றால் 384. உப்பாமல் என்ன செய்யும்? ஈஇசட்81 தானும் மெல்லச் சூடேறுவதால் எச்.டி.யும் மெல்ல வரும், பிழைத்துக்கொள்ளும். நல்ல குணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது கணக்கு. இதில் உயிர் எங்கே வந்தது?

அப்புறம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எத்தனை வோல்ட்?

அரக்குத்தட்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சூடுகம்பி அண்ணே, நீங்கள் எந்த நாகஸ்வரத்தை வைத்துச் சோதித்தீர்கள்? எல்பியா, 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டா?

சூடுகம்பி:
டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. 78 தட்டு. வேறு எதை வைத்துச் சோதிப்பது? 1956-ல் அவர் போகும்வரை மைக்கிலிருந்து தட்டு வெட்டும் இயந்திரம்வரை எல்லாம் வால்வு. வால்வில் பிறந்த ஒலியை வால்வில்தான் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் இங்கே சிலருக்குப் பொறுக்காது.

சாயங்காலம் செட்டைப் போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன். முதலில் தூசி சூடாகும் வாசனை வரும். அப்புறம் கம்பி சிவக்கும். என் அப்பா காலத்து ரேடியோவில் பச்சைக் கண் இருந்தது. இலங்கை வானொலி சரியாகப் பிடித்துவிட்டால் அந்தப் பச்சைச் சிறகு இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலம் அது. 4007 டயோடில் என்ன தெரியும்? கறுப்பாக ஒரு மிளகு, ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு.

அரக்குத்தட்டு:
அண்ணே, வாசனை எல்லாம் சரி. உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது எல்பி ஊசி என்று நீங்களே போன வருஷம் போட்ட படத்தில் தெரிந்தது. 78 தட்டின் காடிக்கு மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். எல்பி ஊசி ஒரு மில்லுக்கும் குறைவு. அது காடியின் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் வாசிக்கும். நீங்கள் கேட்டது தோடியே இல்லை, தட்டின் அடிமண்.

அப்புறம் இன்னொன்று. மின்சாரத்தில் தட்டுப் பதிவு வந்ததே 1925-ல்தான். அதற்கு முன் கூம்புக்குள் பாடிப் பதிந்தார்கள். என்னிடம் அப்படிச் சில தட்டுகள் இருக்கின்றன. உங்கள் கணக்குப்படி அதையெல்லாம் நான் எதில் கேட்பது?

சூடுகம்பி:
கூம்பில் கேளுங்கள்.

ஊசி பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பே அங்கே தட்டு பொறுக்கியவன் நான். 1985-ல் அது எரிந்தபோது எவ்வளவு தட்டு போயிற்று என்று யாருக்காவது தெரியுமா? அந்தப் படத்தில் இருந்தது வேறு ஊசி. மாற்றும் முன் எடுத்த படம்.

அரக்குத்தட்டு:
மாற்றிய பின் எடுத்த படம் ஒன்று போடுங்களேன்.

ஓம்விதி:
தயவுசெய்து ஊசியை விடுங்கள். எத்தனை வோல்ட்?

ரிச்சி தெரு:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன. பெட்டி பிரிக்காதவை. ஈஇசட்81 நாலு, சின்ன ஒலியை முதலில் பெருக்கும் ஈசிசி83 ஆறு. வேண்டுபவர்கள் தனியே எழுதலாம். சண்டைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

சூடுகம்பி:
இவர் வந்துவிட்டாரா! போன தீபாவளிக்கு இவரிடம் ஒரு ஈசிசி83 வாங்கினேன். பெட்டி பிரிக்காததுதான். பிரித்துப் பார்த்தால் வால்வின் தலையில் வெள்ளியாகப் பளபளக்க வேண்டிய இடம் பால் மாதிரி வெளுத்திருந்தது. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், உள்ளே காற்றுப் போய்விட்டது என்று. கேட்டால் கூரியர்காரன் மேல் பழி.

ரிச்சி தெரு:
அனுப்பும்போது வெள்ளியாகத்தான் இருந்தது. காலடியில் விரிசல் விழுந்தது வழியில். பாதிப் பணம் திருப்பித் தந்தேன், அதைச் சொல்லவில்லையே ஐயா.

சூடுகம்பி:
பாதி.

பச்சைக்கண்:
நான் நேற்று ராத்திரி சோதித்துப் பார்த்துவிட்டேன். என்னுடையதும் அதே மாதிரி செட்தான், இரண்டு ஈஎல்84, ஒரு ஈசிசி83, ஒரு ஈஇசட்81. கண்டென்சரை மட்டும் முதலிலேயே 450 வோல்டாக மாற்றிக்கொண்டேன், மேலே படித்த பயத்தில்.

வால்வோடு எச்.டி. 258 வோல்ட். டயோடு போட்டால் 283. டயோடோடு 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் 260. மூன்றிலும் ஒரே தட்டைக் கேட்டேன். 283-ல் ஏதோ கொஞ்சம் இறுக்கமாக, முன்னால் வந்து நிற்பதுபோல் தோன்றியது. 260-ல் வால்வுக்கும் டயோடுக்கும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஃபேனை நிறுத்துங்கள், அப்புறம் கேட்கலாம் என்றாள்.

ஓம்விதி:
இதைத்தான் மூன்று நாளாகக் கேட்கிறேன்! 25 வோல்ட் ஏற்றம். ஈஎல்84-ன் பிளேட் தாங்குவது 12 வாட். 250 வோல்ட், 48 மில்லியாம்ப், பெருக்கினால் மிகச் சரியாக 12. அதாவது ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற வால்வு. அதற்கு மேல் 25 வோல்ட் ஏற்றினால் கரண்டும் சேர்ந்து ஏறும், பிளேட் சிவக்கும், ஒலியும் மாறும். மாற்றியது வோல்டேஜ். டயோடு இல்லை. ஒரு ரெசிஸ்டர் போட்டால் முடிந்தது.

அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985-ல் ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டு, தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை அவர்களுடைய விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் மாதிரியே ஒலிக்க வைத்தார். இரண்டின் வெளியீட்டையும் கழித்துக் கழித்து, மிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டிரான்சிஸ்டரிலேயே இது முடியும் என்றால் வெறும் ரெக்டிஃபையருக்கு எதற்கு இந்தப் புலம்பல்?

சூடுகம்பி:
அமெரிக்காக்காரரும் ராத்திரி பகலாக உட்கார்ந்து வால்வு ஒலியைத்தானே துரத்தியிருக்கிறார்! வால்வுக்காரன் எவனாவது டிரான்சிஸ்டர் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று மெனக்கெட்டானா? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி.

பச்சைக்கண் தம்பியின் சோதனையை நான் ஏற்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் செட் தருவது ஒரு பக்கத்துக்கு ஐந்து வாட்டோ என்னவோ. ஃபேன் சத்தத்தில் ஐந்து வாட்டை வைத்து உயிரைத் தேடினால் கிடைக்குமா? என் வீட்டில் தோடி கேட்கும்போது ஃபேன் கிடையாது, போன் கிடையாது, வாசல் கதவு சாத்தியிருக்கும்.

பச்சைக்கண்:
ஃபேனை நிறுத்திவிட்டும் கேட்டேன் ஐயா. எழுத விட்டுப்போயிற்று.

சூடுகம்பி:
விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

ஓம்விதி:
சரி, உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டரோடு டயோடு ஒரு பக்கம், வால்வு ஒரு பக்கம், மாற்றுவதற்குத் திரைக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். இருபது தடவை மாற்றுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றீர்களே, கண்ணைக்கூட மூட வேண்டாம். வருகிற ஞாயிறு?

சூடுகம்பி:
ஞாயிறு கல்யாணம் இருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறு அமாவாசை. மேலும் என் செட்டில் யாரும் சுவிட்ச் வைக்க நான் விடமாட்டேன். ஒரு தடவை வைக்க விட்டுத்தான் என் நண்பர் கண்டென்சரை இழந்தார்.

ஓம்விதி:
உங்கள் நண்பரின் செட்டில் எத்தனை வோல்ட்?

அரக்குத்தட்டு:
ஊசிப் படம் இன்னும் வரவில்லை.

ரிச்சி தெரு:
ஈஇசட்81 இரண்டு போய்விட்டது, இன்னும் இரண்டுதான் இருக்கிறது. இந்தத் தடவை நாலு பக்கமும் தெர்மாகோல் வைத்து அனுப்புகிறேன்.

சூடுகம்பி:
ஒன்றை எனக்கு எடுத்து வையுங்கள். கூரியர் வேண்டாம், அடுத்த மாதம் சென்னை வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். தலையை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் பணம். பாதிப் பணக் கதையையும் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.