கோத்தகிரி மலைச் சபையின் வரலாறு: ஆலயம், பள்ளி, கல்லறைத் தோட்டம்

கோத்தகிரி வாசகர்

அன்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பைச் சபைக் கமிட்டி என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆலயத்தை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளியும், அதற்குக் கீழே சரிவில் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. எங்களுடையது ஆதியில் பிரஸ்பிட்டேரியன் சபை, அதாவது மூப்பர்களின் குழு நடத்தும் சபை, என்று மூத்தவர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பாசல் மிஷன் சபை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இதுவரை என் கைக்கு வந்த கோப்புகள் யாவும் 1947க்குப் பிந்தியவை. இரண்டில் எது சரி என்பதை எதைக்கொண்டு நிறுவுவது?

குன்னூர் அன்பர்

ஐயா, இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் இணைந்தது. அந்த ஐக்கிய சபையே 1908இல் பிரஸ்பிட்டேரியன் சபைகளும், ஒவ்வொன்றும் தன்னைத் தானே நிர்வகிக்கும் காங்கிரிகேஷனல் சபைகளும் ஒன்றுசேர்ந்து உருவானதுதான். ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும், அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் பக்கத்திலிருந்து வந்தவை. ஆகவே உங்கள் சபையின் பழைய அடையாளம் ஒரு முறையன்று, இரண்டு முறை பெயர் மாறி மறைந்திருக்கலாம்.

பாசல் மிஷனைப் பொறுத்தவரை, அது 1815இல் சுவிட்சர்லாந்தில் நிறுவப்பட்டு 1834இல் மங்களூருக்கு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி காஸமேஜரின் ஆதரவால் 1846இல் கேத்தியிலும், பின்னர் 1867இல் கோத்தகிரியிலும் நிலையம் அமைத்தது. லூத்தரன் மரபினரும் சீர்திருத்த மரபினரும் சேர்ந்து நடத்திய அந்த மிஷன், தன் சபைகளில் மூப்பர்களை ஏற்படுத்திச் சபை ஒழுங்கை அவர்களிடமும் ஒப்புவித்தது. மூப்பர்களால் நடத்தப்படும் சபையைப் பிரஸ்பிட்டேரியன் என்று மக்கள் அழைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

எனவே பெயரை வைத்து வாதிடுவதை விட்டு, மூன்று பதிவேடுகளைத் தேடுங்கள்: மூப்பர் கூட்டக் குறிப்புகள், இராப்போஜனத்துக்கு (திருவிருந்துக்கு) அனுமதிக்கப்பட்டோர் பட்டியல், வேறு ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சபை மாறுதல் கடிதங்கள். கடிதத்தை எழுதிக் கொடுத்த போதகர் எந்த மிஷனைச் சேர்ந்தவர் என்பது தெரிந்தால், அந்தக் குடும்பம் எங்கிருந்து மலையேறியது என்பதும் தெரியும். 1876–78 பஞ்ச காலத்தையொட்டிய ஞானஸ்நானப் பதிவுகளைத் தனியாகப் பாருங்கள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்திலும் பாசல் நகரத்து மிஷன் காப்பகத்திலும் விசாரிப்பது அவசியம். முதல் உலகப் போரின்போது பாசல் மிஷனின் ஜெர்மானிய மிஷனரிகள் காவலில் வைக்கப்பட்டதால், 1914க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்கு உள்ளூர்க் குறிப்புகளையே நீங்கள் பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். நில ஆவணத்தைத் தேடும்போது, நீலகிரி 1868இல்தான் தனி நிர்வாகமாயிற்று என்பதையும், அதற்கு முந்தியவை கோயம்புத்தூர் மாவட்டப் பதிவுகளில் இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கேத்தி

பள்ளியை ஆலயத்தின் ஓர் இணைப்பாக மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். இம்மலையில் மிஷன் பள்ளிகளில் படித்த, நீலகிரி மலைச் சமூகமான படகர் பிள்ளைகள் மிகப் பலர். அவர்களுள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் நம்பி எழுதினால், அந்தப் பள்ளியில் எழுத்தறிந்த பெரும்பாலானவர்கள் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போவார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயர், தொழில், ஊர் ஆகியவை இருக்கும்; ஆய்வாளர் வந்து எழுதிய குறிப்புகள் கிடைத்தால், எந்த மொழியில் பாடம் நடந்தது என்பதும் தெரியலாம். பாசல் மிஷனார் படகரிடையே கன்னட எழுத்தையே பயன்படுத்தினார்கள். 1890இல் அச்சான படக மொழி லூக்கா சுவிசேஷமும் அந்த எழுத்தில்தான் வந்தது. ஆகவே பதிவேடு கன்னடத்தில் இருந்தால், நமக்குத் தொடர்பில்லாதது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

உதகை அன்பர்

கல்லறைத் தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து வரைபடம் போட்டுவிடுங்கள். பாசியை அகற்றுவதற்கு அமிலமோ கம்பித் தூரிகையோ கூடவே கூடாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். காலை வெயில் பக்கவாட்டில் சாயும் நேரத்தில் படம் எடுத்தால், தேய்ந்த எழுத்துகளும் நிழலால் எழுந்து தெரியும். வெள்ளையர் கல்லறைகளுக்கு, சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905இல் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்க் கல்லறைகளில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்ற வரியோடு நின்றுவிடாமல், சொந்த ஊர் பொறிக்கப்பட்டிருந்தால் அதைத் தவறாமல் குறியுங்கள். ஆற்காட்டுப் பக்கத்து ஊர்கள் திரும்பத் திரும்ப வந்தால் பிரஸ்பிட்டேரியன் என்று சொல்லும் உங்கள் மூத்தவர்களின் சொல்லுக்கு அது வலுவான சான்று. கல் நடுவதற்கு வசதியில்லாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மண்மேடுகளும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். அடக்கப் பதிவேட்டில் அவர்கள் பெயர்கள் இருக்கும்.

கோத்தகிரி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆலய அலமாரியில் கன்னட எழுத்தில் இரண்டு பழைய ஏடுகள் இருப்பது இப்போது நினைவுக்கு வருகிறது. ஓரங்கள் பொடிந்திருப்பதால், அவற்றைத் தட்டையாக வைத்துப் படமெடுக்க அனுமதி கேட்டுக் கமிட்டிக்கு இன்றே எழுதுகிறேன். பழைய கன்னடக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் மலையில் யாரேனும் இருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.